பாறசாலைப் பட்டறையில் ஒரு வால்வுப் பெட்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலை நோக்கித் தெற்கே வரும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை வழியாக வந்தால் பாறசாலையை அடையலாம். அதற்கப்பால் இஞ்சிவிளை. அதையும் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் நடுவில் விழுந்தது என்று சொல்வது மிகையன்று. ஆதலின் எங்கள் ஊர்களில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் வழங்குவது இயல்பு. தமிழாசிரியர் அதனை ஒலிபெருக்கி என்பார். மலையாளத்தில் அச்சிட்ட திருவிழா அறிக்கை அதனை உச்சபாஷிணி என்னும். அதனைத் தோளில் சுமந்து வருபவன் மைக் செட் என்பான். தென்னையின் உச்சியில் கட்டும் கூம்புக் குழாய்க்கு மட்டும் எல்லோரும் ஒருமனதாய்க் கோளாம்பி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெற்றிலை துப்பும் கலத்தின் வடிவம் அதற்கு இருப்பதே காரணம்.

அத்தகைய பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் மைத்துனர் இருவர் நாங்கள். வெளி மாநிலங்களில் வாழும் உங்களோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தமையால், உங்களில் ஒருவர் வாங்கி ஊருக்கு அனுப்பிய ஒரு பெட்டியின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொண்டோம்.

அப்பெட்டி சாதாரண மைக் செட் அன்று. மின்சாரக் கித்தாருக்கென்றே அமெரிக்காவில் செய்த வால்வுப் பெருக்கி. இத்தகைய பெட்டிகள் செய்தவர்களில் ஒருவர் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வந்தவர் என்பதில் எங்கள் தொழிலோருக்குச் சற்றுப் பெருமை உண்டு. கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் 1938-இல் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்தவர் லியோ பெண்டர். அவர் 1940-களின் நடுவில் கித்தார்ப் பெருக்கிகள் செய்யத் தொடங்கினார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! கடைக்கு வந்த இசைஞர்கள் சொன்ன குறைகளைக் காதில் வாங்கியே பெட்டிகளைச் செப்பனிட்டுக்கொண்டு போனார்.

எங்கள் எல்லைப் பகுதிக்குக் கித்தார் வந்த வழி வேறு. இங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே இலண்டன் மிஷன் சங்கத்தார் பாறசாலையை ஒரு நடுவிடமாகக் கொண்டு பணி செய்தனர். அவ்வழி வந்த கோயில்களில் பாடற்குழு இல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. முதலில் ஆர்மோனியம், பிறகு வயலின், பிறகு கித்தார் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. எங்கள் கதையின் தலைவர் அப்படிப்பட்ட பாடற்குழு ஒன்றில் வாசித்தவர். பிழைப்புக்காக மும்பை சென்றவர், அங்கே சோர் பஜாரில் பழைய பொருளாக இப்பெட்டியைக் கண்டு, மூன்று மாத மிச்சத்தைக் கொடுத்து வாங்கினார். பெட்டி 117 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் நாட்டில் ஓடுவது 230 வோல்ட். ஆகவே கடைக்காரர் அழுத்தத்தைப் பாதியாய்க் குறைக்கும் ஒரு மின்மாற்றியையும், செங்கல் போன்ற கனத்தில், கூடவே கொடுத்திருந்தார். இருபது ஆண்டுகள் அது அவருக்கு உழைத்தது.

அவர் காலமான பிறகு, அவருடைய மகன் மும்பை அறையை ஒழித்துச் சாமான்களை இரயிலில் ஏற்றினான். பெட்டி வந்தது. செங்கல் வரவில்லை. அஃது எதற்கென்று தெரியாமல் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டான்.

அறுப்பின் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில், அப்பாவின் பெட்டியில் அப்பாவின் கித்தாரை வாசிக்க வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டு, கோயில் மண்டபத்துச் சுவரில் அதை நேரே செருகினான். இரண்டு மூன்று நொடிகள் பெட்டி உறுமியது, பட்டாசு போல் ஓர் ஓசை, மண்டபம் இருண்டது. சுவரில் இருந்த பீங்கான் பியூஸ் உருகிப் போயிருந்தது. மறுநாட்காலை தாயும் மகனுமாக ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார்கள்.

அந்த அம்மையார் சொன்னது இவ்வளவே: "அண்ணே, இது பாடாமப் போனாலும் பரவாயில்லை. இதால யாருக்கும் ஒரு கேடு வந்திரக் கூடாது." அவர் அப்படிச் சொன்னதன் காரணம் எங்களுக்குப் பிறகே விளங்கிற்று.

பழுதான வால்வுப் பெட்டி கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதற்பிழை, "எப்படி இருக்கிறதென்று பார்ப்போம்" என்று மறுபடியும் மின்சாரம் கொடுப்பது. அரைகுறையாய்ச் சாய்ந்தது அப்போது முழுதாய்ச் சாயும். நாங்கள் முதலில் மூக்கைத்தான் நம்புகிறோம். எரிந்த மெழுகின் மணம் மின்மாற்றியைக் காட்டும். புளித்த மீன் போன்ற நாற்றம் வெடித்த மின்தேக்கியைக் காட்டும். கருகிய வண்ணப்பூச்சின் மணம் மின்தடையிலிருந்து வரும். இப்பெட்டியில் மீன் நாற்றம் தூக்கலாகவும் மெழுகு மணம் இலேசாகவும் இருந்தன. பின்பக்கப் பலகையைக் கழற்றியபோது, வடிகட்டும் மின்தேக்கி ஒன்றின் வயிறு பிளந்து பஞ்சு போன்ற பொருள் சிதறிக் கிடந்தது.

பிறகு பெட்டியின் சொந்தப் பியூஸைத் திருகி எடுத்தோம். 2 ஆம்பியர் கண்ணாடிக் குழல் இருக்க வேண்டிய இடத்தில், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய ஒரு பழைய குழல் இருந்தது. என்றோ ஒரு மேடையில், அவசரத்தில், யாரோ செய்த கைவேலை! அந்தத் தாள் மட்டும் இல்லாதிருந்தால், தவறான அழுத்தம் ஏறிய கணமே பியூஸ் அறுந்து, பெட்டிக்கு ஒரு கீறலும் நேர்ந்திராது. பத்து ரூபாய்ப் பொருளுக்கு வெள்ளித்தாளை மாற்றாய் வைக்கும் வழக்கத்தை நாங்கள் எத்தனையோ பெட்டிகளில் கண்டுவிட்டோம். இன்னும் கோபம் வராமல் இருப்பதில்லை.

இனிக் கைவைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெட்டியின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்சாரம் உலவுகிறது. சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் வடிகட்டும் மின்தேக்கிகள் அதைக் குடத்து நீர் போல் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். ஆகவே 10,000 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் ஒரு முனையைச் சட்டத்தில் கவ்வவிட்டு, காப்பிட்ட பிடியால் மறுமுனையை ஒவ்வொரு மின்தேக்கியின் நேர்முனையிலும் சில நொடிகள் வைத்து வடிய விட வேண்டும். பிறகு மீட்டரால் பார்த்துச் சுழி என்று உறுதி செய்ய வேண்டும். திருப்புளியால் பட்டென்று இணைத்து நெருப்புப் பறக்க விடுவது வீரம் அன்று; அதனால் நல்ல மின்தேக்கியும் கெடும். அளக்கும்போது ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். இரண்டாவது ஆள் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் இருவராகத் தொழில் செய்வதற்கு முதற்காரணம். இரண்டாவது காரணம் எங்கள் வீட்டார் அறிவர்.

நிற்க. எல்லா வால்வுகளையும் கழற்றி, எந்தக் குழியிலிருந்து எது வந்தது என்று எழுதி வைத்துவிட்டு, மின்மாற்றியின் சுருள்களை ஓம் மீட்டரால் அளந்தோம். எந்தச் சுருளும் அறுந்திருக்கவில்லை. எதுவும் சட்டத்தோடு ஒட்டியிருக்கவும் இல்லை. ஆயினும் மீட்டர் இவ்வளவோடு பொய் சொல்லக்கூடும். சுருளின் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஓம் கணக்கில் அது தெரியாது. அதற்கு எங்கள் பட்டறையில் இருக்கும் மருத்துவர் ஒரு குண்டு பல்பு. பழைய இழைப் பல்பு, 100 வாட், மின்சாரம் வரும் கம்பியில் தொடராக மாட்டப்பட்டது. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. உள்ளே குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரிந்து, மின்சாரத்தைத் தானே விழுங்கிப் பெட்டியைக் காக்கும். நலமாயிருந்தால் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கும்.

புதிதாய் ஒரு 230-க்கு 115 குறைப்பு மின்மாற்றி வாங்கி, அதற்கு முன்னால் பல்பைத் தொடுத்து, வால்வு ஒன்றும் இல்லாமல் பொத்தானைத் தட்டினோம். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பல்பு மின்னியது; மங்கியது. இரண்டு மணி நேரம் அப்படியே விட்டோம். மின்மாற்றியின் தலையில் கைவைத்தால் பூனையின் முதுகுச் சூடுதான். அன்று அம்மையாருக்குச் சொல்லியனுப்ப அந்த ஒரு செய்தி போதுமாயிருந்தது. ஏனெனில் இத்தகைய பெட்டியில் மின்மாற்றி செத்தால், புதிதாய்ச் சுற்றும் கூலி பெட்டியின் விலையைத் தொட்டுவிடும்.

வெளியீட்டு மின்மாற்றியும் பிழைத்திருந்தது. வால்வுகளில் மின்திருத்தி வால்வான 5ஒய்3-இன் இழை மட்டும் அறுந்துபோயிற்று. இரட்டிப்பு அழுத்தத்தை நேரே தன் இழையில் தாங்கியது அதுதான். மற்றவை சூடேறும் முன்பே பியூஸ் போய்விட்டமையால் தப்பின. வால்வு என்றவுடன், "அஃது இன்னும் கிடைக்கிறதா?" என்று கேட்பீர்கள். பிளெமிங் 1904-இல் கண்டது. டி பாரஸ்ட் 1906-இல் மூன்றாம் உறுப்பைச் சேர்த்துப் பெருக்கும் ஆற்றலைத் தந்தது. உலகம் அதைக் கைவிட்டபின்னும் கித்தார்க்காரர்கள் கைவிடவில்லை. பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் வால்வுகள் செய்து நாடெங்கும் அனுப்பியது. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து புதியவை வருகின்றன. எங்களுக்கு அவசரத்தில் கைகொடுத்தது, எங்கள் பரண்மேல் உறங்கிய அமெரிக்க வானொலிப் பெட்டி ஒன்று. திருவிதாங்கூர் அரசு 1943-இல் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தொடங்கிய காலத்துப் பெட்டி என்று எங்கள் பெரியவர் சொல்வார். அதனுள் இருந்த 5ஒய்3-ஐ வணக்கம் சொல்லி எடுத்துக்கொண்டோம்.

வெடித்தது ஒரு மின்தேக்கியானாலும் மூன்றையும் மாற்றினோம். 500 வோல்ட் தாங்குபவையாகப் போட்டோம். ஒரே வயதுள்ள மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் வழியில் இருக்கின்றன என்று பொருள்.

இனி இரைச்சலைப் பற்றி ஒரு சொல். கெட்ட வடிகட்டியால் வரும் இரைச்சல் நம் நாட்டில் நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்டது. கித்தாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை மீட்டினால் வரும் சுரத்துக்கு மிக அணித்தானது. அதற்கு ஓர் எண்மம் கீழே, 50 அதிர்வில் வரும் இரைச்சலோ இழைக்குச் செல்லும் கம்பியாலோ, திரை அறுந்த கித்தார்க் கம்பியாலோ வருவது. காது படைத்த இசைஞன் மீட்டர் இல்லாமலே பாதி நோயைக் கண்டுகொள்வான். பையன் கித்தாரை எடுத்து மூன்றாம் கட்டையை மீட்டி ஒப்பிட்டுப் பார்த்தான். இரைச்சலே இல்லை, வடிகட்டிகள் சரி.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த அந்த வேளையில்தான் இரண்டாவது நோய் தலைகாட்டியது. வெளியீட்டு வால்வுகள் 6வி6 இரண்டு. அவற்றில் ஒன்றின் தகடு, இரண்டாவது நிமிடத்தில், கொல்லன் உலைக் கரண்டி போல் மெல்லச் சிவக்கத் தொடங்கிற்று. உடனே அணைத்தோம். வால்வு கெட்டது என்று மாற்றிப்போடக் கை துடிக்கும். அது வீண்செலவு. இரு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சிவப்பு வால்வோடு போகாமல் குழியோடு நின்றது. ஆகவே குற்றம் வால்வில் இல்லை.

இரு வால்வுகளுக்கும் பொதுவாகக் கேதோடில் 250 ஓம் மின்தடை ஒன்று உண்டு. அதில் 31 வோல்ட் காட்டியது. 31-ஐ 250-ஆல் வகுத்தால் 124 மில்லி ஆம்பியர். இரண்டு வால்வுக்கும் இது மிக அதிகம். சிவக்கும் குழியின் வால்வை எடுத்துவிட்டுக் கிரிட் முனையை அளந்தோம். அங்கே நேர் அழுத்தம் சிறிதும் இருக்கலாகாது. 14 வோல்ட் இருந்தது. முந்திய வால்வின் தகட்டிலிருந்து ஒலியை மட்டும் விட்டு, நேர்மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய சிறு மின்தேக்கி, வாயிற்காவலன் உறங்கியது போல், இரண்டையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. காகிதமும் மெழுகும் கொண்டு செய்த பழைய மின்தேக்கி அது. மும்பையின் மழையும் எங்கள் இடவப்பாதி ஈரமும் ஏற அதனுள் பழுது வளர்ந்திருக்க வேண்டும். சுவரில் தவறாகச் செருகியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பையன் செய்த பிழையை மட்டும் திருத்திவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், பண்டிகையன்று பாடலின் நடுவே வால்வு உருகியிருக்கும். பழி அவன்மேலேயே விழுந்திருக்கும்!

பிளாஸ்டிக் படலத்தால் ஆன 630 வோல்ட் மின்தேக்கி இரண்டைப் பற்றவைத்தோம். கேதோடில் இப்போது 18 வோல்ட். கணக்கு: 72 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 36. வால்வின் குறுக்கே 330 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 12 வாட். 6வி6-க்கு விதித்த எல்லையும் அதுதான். தகடு கறுப்பாகவே நின்றது.

இனி, அம்மையாரின் சொல்லுக்கு வருகிறோம். பெட்டியைத் திருப்பித் துடைத்துக்கொண்டிருக்கையில், பையன் சிரித்துக்கொண்டே, "மாமா, அப்பா பாடும்போது மைக்கில உதடு பட்டா கடிக்கும்னு சொல்லுவாரு" என்றான். நாங்கள் சிரிக்கவில்லை. அக்காலத்து அமெரிக்கப் பெட்டிகளுக்கு இரண்டு முனைக் கம்பிதான். நில இணைப்புக் கிடையாது. இரைச்சலைக் குறைப்பதற்காக, மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். கித்தாரின் கம்பிகள் சட்டத்தோடு சேர்ந்தவை. அந்த மின்தேக்கி நலமாயிருக்கும்போதே 2 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வாசிப்பவர் விரலில் ஊரும். நில இணைப்புள்ள மைக்கில் உதடு பட்டால் கடிக்கும். அது முழுதும் பழுதாகி ஒட்டிக்கொண்டாலோ, சுவர் மின்சாரமே கித்தார்க் கம்பியில் நிற்கும். கடைகளில் விற்கும் குறைப்பு மின்மாற்றிகளில் பலவும் ஒரே சுருளால் ஆனவை. அவை அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி ஆளைக் காப்பதில்லை. அந்த மனிதர் இருபது ஆண்டுகள் வேடிக்கையாய்ச் சொல்லிவந்ததை அவர் மனைவி ஒருநாளும் வேடிக்கையாய்க் கேட்கவில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரிந்தது.

அந்த மின்தேக்கியை வெட்டி எறிந்தோம். மூன்று முனைக் கம்பி போட்டு, பச்சைக் கம்பியைச் சட்டத்தில் தனித் திருகாணியால் இறுக்கினோம். பியூஸையும் பொத்தானையும் உயிர்க்கம்பியின் வழியில் வைத்தோம். குறைப்பு மின்மாற்றியை இரட்டைச் சுருள் உடையதாக, 150 வாட் தாங்குவதாகத் தேர்ந்து, பெட்டியின் அடிப்பலகையிலேயே ஆணி அடித்து நிறுத்திவிட்டோம். இனி யாரும் அதைத் தனியே எடைக்குப் போட முடியாது. கோயில் மண்டபத்துக்குப் போய் நில இணைப்பையும் சோதித்தோம். கரியும் உப்பும் இட்ட குழி கோடையில் வறண்டு, பெயருக்கு இருந்தது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகே மீட்டர் சமாதானமாயிற்று.

வெளி மாநிலங்களில் பழைய பெட்டி வாங்கும் அன்பர்களே, பின்பக்கத் தகட்டில் 110, 115, 117, 120 என்று எந்த எண் பொறித்திருந்தாலும் அது நம் சுவருக்கு ஏற்றதன்று. ஒலிபெருக்கிக் கூம்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுமை இல்லாத வெளியீட்டு மின்மாற்றி தன் அழுத்தத்தாலேயே துளைபடும். இரயிலில் அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். ஆண்டுக்கணக்கில் உறங்கிய பெட்டியை நேரே எழுப்பாமல் பல்பின் வழியே எழுப்புங்கள். உங்கள் ஊரிலும் ஒரு பழைய மைக் செட்காரர் இருப்பார். அவரிடம் குண்டு பல்பு இருக்கும்.

அறுப்பின் பண்டிகையன்று துலாமழை வெளுத்து வாங்கியது. மாலையில் மின்னழுத்தம் 195-க்கு இறங்கிற்று. வால்வுப் பெட்டி அதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை, ஒலி சற்று மென்மையாகும், அவ்வளவே. முதலில் மூத்தவர்கள் தமிழில் பாடினார்கள். பிறகு இளையவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். பையன் இரண்டுக்கும் வாசித்தான். நாங்கள் கடைசி வரிசையில், கதவோரம், மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மையார் பெண்கள் பக்கத்திலிருந்து அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாட்டில் அவன் குனிந்து மைக்கில் வாய் வைத்துப் பாடினான். கடிக்கவில்லை. பிறகுதான் அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.